ஏற்காடு ரோட்டு வளைவு

ஏற்காடு போகிறவர்கள் மலையைப் பிடிக்கிற அவசரத்தில் சேலத்தில் ரோட்டோரம் நிற்கிற அந்த வாசல் வளைவைக் கவனிப்பதே இல்லை. அடுத்த முறை வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் அது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் (1956) நம்ம சேலத்துச் சரக்குதான்! கலைஞர் வசனம் எழுதி, எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிய இடத்தில் இன்று வீடுகள். வளைவாவது மிஞ்சியதே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

சரி, பசித்தால் டவுனுக்குத் திரும்பி ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. கையில் வாங்கியதும் வாயில் போட்டுவிடுங்கள், நமத்தால் ருசி போச்சு.