எந்தப் பிரிவு என்று கேட்டீர்களா?

2025 ஜூன் மாதக் கடைசி. பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லாமல் போன பருவம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டிராக்டர் வந்தால் எடைச் சீட்டு போடுவேன், சீட்டைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவேன். பணப்பெட்டியின் சாவி எப்போதும் முதலாளியின் இடுப்பில்தான் இருக்கும். ஒரு திங்கட்கிழமை மண்டி திறக்கவில்லை. முதலாளியின் செல்போனும் அணைந்திருந்தது. பணம் வராத விவசாயிகளின் கையில் மிச்சம் இருந்தது எடைச் சீட்டு மட்டும்தான். எல்லாச் சீட்டிலும் என் கையெழுத்து.

இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். சும்மா ஒரு விசாரணை, பத்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "வக்கீலோடு போய் நின்றால் மடியில் கனம் இருக்கிறது என்று நினைக்க மாட்டார்களா?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இருவரும் வண்டியில் போனோம்.

பத்து நிமிடம் ஐந்து மணி நேரம் ஆனது. யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்த டீதான் என்னைக் கவிழ்த்தது என்று இன்றும் நினைக்கிறேன். மிரட்டியிருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன். விசாரித்த அதிகாரி வீட்டு மனிதர் போல் பேசப் பேச, நானும் ஊர்க்கதை பேசுவது போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "மண்டியின் வரவு செலவெல்லாம் உங்கள் பொறுப்புதானே?" "ஆமாம் சார்." அதை எழுதினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதத்தில் பாக்கியை அடைத்துவிடுகிறேன் என்றும் எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டில் கேட்டுவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். அதுவும் புத்திசாலித்தனம் இல்லை. அவ்வளவு பெரிய தொகையை எழுதக் கை வரவில்லை.

என் மனைவி அன்றிரவே தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். மறுநாள் காலை பழையபேட்டையில் ஒரு வக்கீலம்மாவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார். அதில் முக்கால்வாசி நேரம் பேசியது நான்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பிரிவில் கூப்பிட்டார்கள் என்று கேட்டீர்களா?" விழித்தேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. அதில் 179ஆம் பிரிவில் எழுத்து மூலம் அழைத்தால் நான் விவரம் தெரிந்த சாட்சி. 35(3)இல் அழைத்தால் என் மேலேயே சந்தேகம். என் விஷயத்தில் அப்போது இரண்டுமே இல்லை. வழக்கே பதிவாகவில்லை. விவசாயிகளின் மனுவை வாங்கிக்கொண்டு, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்திருந்தார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு போனுக்கு ஓடிப்போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி: "கையெழுத்துப் போட்டீர்களா?"

வழக்குப் பதிவான பிறகு நடக்கும் புலன் விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவு சொல்கிறது. மனு விசாரணையில் எழுதிக் கொடுத்தது எங்கே போய் நிற்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். பிறகு அந்த "பொறுப்பு" என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி. பணமோ பொருளோ ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால்தான் அந்தக் குற்றமே பிறக்கும். குமாஸ்தா, ஊழியர் என்றால் தண்டனை ஏழு ஆண்டு வரை போகலாம். "நீங்கள் கணக்கு எழுதினீர்களா, பணத்தை வைத்திருந்தீர்களா?" "எழுதினேன் மேடம்." "அப்படியானால் அதைச் சொல்லியிருக்க வேண்டும்." இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

அந்த அறையில் நான் சொல்லவே கூசிய ஒன்றும் இருந்தது. முதலாளியோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அன்றிரவு அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வக்கீலிடம் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது என்று மச்சான் தைரியம் கொடுத்ததால் சொன்னேன். வக்கீலம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அழித்தால் அதுவே தனிக் குற்றம். அதோடு, "இன்றைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதே, சாவி என்னிடம் இருக்கிறது" என்று முதலாளி அனுப்பிய செய்திகளும் அதில்தான் இருந்தன. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பருவம் தொடங்கிய நாளிலிருந்து நடந்ததைத் தேதிவாரியாக எழுதச் சொன்னார். விவசாயிகள் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்றார். சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடுமாம். அவர்களில் ஒருவர் என் மகள் திருமணத்துக்கு வாழைத்தார் கொடுத்தவர். சமாதானம் சொல்லக்கூட முடியாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

மூன்று வாரம் கழித்து வழக்குப் பதிவானது. உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றுகிறார்கள். மச்சான் மகன் தமிழ்நாடு காவல் துறைத் தளத்தில் தினமும் தேடி எடுத்தான். போலீஸ் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு "எதிரி" என்று பெயர். முதலாளி முதல் எதிரி, நான் இரண்டாம் எதிரி. அந்த வரியைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே அழைப்பாணையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 35(3) என்று போட்டிருந்தது. இப்போது பிரிவைத் தேடிப் படிக்கத் தெரிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருப்பதாக வக்கீலம்மா சொன்னார். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு வீம்பு பண்ண வேண்டாம் என்றார். முறைப்படி அழைப்பாணை கொடுத்தால் ஆஜராகத் தயார் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். நான்காம் நாள் ஒரு காவலர் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அழைப்பாணைக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிக்கொண்டிருந்தால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. அதனால் வக்கீலம்மா முன் ஜாமீன் மனுவைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டாரே தவிர, தாக்கல் செய்யவில்லை.

இரண்டாம் முறை காவல் நிலையம் போனபோது வக்கீலம்மாவும் வந்தார். என் பக்கத்தில் உட்கார விடவில்லை. வராந்தா பெஞ்சில், நான் திரும்பினால் தெரியும் இடத்தில் உட்கார்ந்து வேறு ஏதோ வழக்குக் கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அதுவே போதுமாக இருந்தது. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். தொகை கேட்டபோது பேரேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். முன்பு எழுதிய "பொறுப்பு" வந்தது. "நான் சொன்னது கணக்கு எழுதும் பொறுப்பு சார். பெட்டிச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை" என்று சொல்லி, செய்திகள் இருந்த செல்போனை ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன். முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்று டீ கிடைக்கவில்லை.

மொத்தத்தில் இருபத்திரண்டாயிரம் ரூபாய் செலவானது. மாவட்ட நீதிமன்றங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் போன்றோருக்கு வக்கீலை இலவசமாகவே ஏற்பாடு செய்கிறார்கள், கைதாவதற்கு முன்பே கூட. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எனக்கு அது பணமெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

இந்த ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. எதிரிகள் பட்டியலில் என் பெயர் இல்லை. சாட்சிகள் பட்டியலில் பதினான்காவதாக இருக்கிறது. சம்மன் வரும் என்கிறார்கள். முதலாளி ஜாமீனில் வந்துவிட்டார். விவசாயிகளுக்கு இன்னும் பணம் வரவில்லை. வாழைத்தார் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.