பத்துச் சக்கர பலூன் வண்டி

எங்கள் பையனின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்குச் சனிக்கிழமை ராத்திரிதான் உயிர் வரும். "திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் பலூன் காற்றில் ஓடும் கார் செய்து எடுத்து வர வேண்டும். வீட்டில் கிடைக்கும் பொருட்கள் மட்டும். மாணவர்களே செய்ய வேண்டும், பெற்றோர் உதவக் கூடாது." கீழே வரிசையாக அம்மாக்களின் கும்பிடு பொம்மைகள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

கடைசி வரியை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வரும் சங்கராவைச் செதில் எடுக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கும். அதனால் அந்த வண்டியில் என் சுண்டுவிரல்கூடப் படவில்லை. கல்மண்டபம் பக்கம் எங்கள் தெருவில் இருக்கிற மற்ற எல்லோருடைய விரலும் பட்டது.

சாமான் ஒன்றும் பெரிதில்லை. ஒரு தண்ணீர் பாட்டில், சக்கரத்துக்கு நாலு மூடி, அச்சுக்கு உருண்டையான இரண்டு குச்சி, அந்தக் குச்சி உள்ளே சுற்ற ஸ்ட்ரா, பலூன், ரப்பர் பேண்ட். ஆனால் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ராதான் கிடைத்தது. சரி, குச்சிக்குப் பஞ்சுமிட்டாய்க் குச்சி தோதாக இருக்கும் என்றான் பையன். அந்தப் பஞ்சுமிட்டாய்க்கும், சாயத்தில் ரோடமின்-பி என்கிற ஆகாத ரசாயனம் இருக்கிறதென்று 2024 பிப்ரவரியில் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்குத் தடை செய்த சரக்காகத் தேடி அலைய வேண்டியிருந்தது. கடைசியில் தந்தூரிக் கடையில் டிக்கா செருகும் மூங்கில் குச்சி வாங்கி வந்தான். புதுக் குச்சிதான் என்று சத்தியம் செய்தான். ஆனால் அன்று முழுக்க எங்கள் தெருப் பூனை அந்த வண்டியை விட்டு நகரவில்லை.

முதலில் கை வைத்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவர் ஹார்பரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையாவது வண்டி நினைப்பில்லாமல் இருப்பார் என்று நினைப்பேன், இருக்க மாட்டார்.

"நாலு சக்கரம் இன்னாத்துக்குப் பத்தும்? ஆட்டோவுக்கே பத்தாது" என்றார்.

"ஆட்டோவுக்கு மூணு சக்கரம்தாம்பா" என்றாள் மூத்தவள்.

அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. தெருவில் கிடந்த மூடியெல்லாம் பொறுக்கி, பாட்டில் வேண்டாமென்று ஒரு பிளைவுட் துண்டை அறுத்து, அதில் குச்சிகளைப் பசை போட்டு ஒட்டி, பத்துச் சக்கரத்தோடு நிறுத்தினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ரத்தம் முகத்தில் ஏற ஏற பலூனை ஊதிக் கீழே விட்டார். புர்ர்ர் என்று சத்தம் வந்தது. பலூன் சுருங்கியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பூனை மட்டும் ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

"ஏம்பா, ஹேண்ட் பிரேக் போட்டுகினு கீதா?" என்று பையன் கேட்டதில் அவருக்குக் கோபம் வந்து, சாப்பிடக்கூட வராமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்பிள்ளைகள் காதில் ஏதோ ஒன்று ஓடவில்லை என்ற சேதி விழுந்தால் போதும். அழைப்பே வேண்டாம், வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஐசிஎஃப் தாத்தா. 1955-ல் நேரு திறந்து வைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நம்ம ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பதை, ஏதோ கொடியசைத்தவரே தான்தான் என்பதுபோல, யார் வந்தாலும் சொல்லுவார். எங்களுக்கும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கையில் எடுத்தார்.

"அச்சை ஒட்டிட்டு மூடி மட்டும் சுத்தணும்னா எப்படிப்பா சுத்தும்? ஓட்டை லூசா இருந்தா ஆடும், டைட்டா இருந்தா நிக்கும். ரயிலைப் பாத்துக்கிறியா? சக்கரம் ரெண்டும் அச்சோட இறுகிப் போயிருக்கும். அச்சும் சக்கரமும் சேர்ந்துதான் சுத்தும். அச்சோட முனையைப் பேரிங் தாங்கும்."

அதாவது மூடியைக் குச்சியோடு இறுக்கிவிட வேண்டும், குச்சி ஒரு குழாய்க்குள் தாராளமாகச் சுற்ற வேண்டும், அந்தக் குழாயைத்தான் வண்டியோடு ஒட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியில் ஓட்டை நட்டநடுவில் விழாவிட்டால் வண்டி நொண்டும் என்று தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவைத் தேடினார். பல மூடிகளில், பிளாஸ்டிக்கை ஊற்றி வார்த்த இடத்தில், நடுவே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. இத்தனை வருஷமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிளைவுட் போய்ப் பாட்டில் வந்தது. பத்து மூடி நாலானது. பலூன் வாயில் செருகிய காகித ஸ்ட்ரா, ஊதி ஊதி எச்சில் பட்டு, ஊறிய அப்பளமாகத் துவண்டுபோனது. மூத்தவள் பத்தாம் வகுப்பு என்பதால் எங்கள் வீட்டில் தீர்ந்துபோன பேனாவுக்குப் பஞ்சமே இல்லை. ரீஃபில்லை உருவிவிட்டு, அச்சுக்கு இரண்டு பேனாக்கூடு, காற்றுக்கு ஒன்று என்று மாட்டினார்கள். அச்சு இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் வண்டி ஓரம் கட்டிவிடும் என்று தாத்தா ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

இப்போது லாஞ்ச் மாமா உள்ளே வந்தார். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். வந்ததும் பலூனைத் தடவிப் பார்த்துவிட்டு, வண்டியை இழுத்துப்போய்ச் சுவரை ஒட்டி வைத்தார்.

"காத்து பின்னாடி சுவத்துல மோதினாத்தான் வண்டியைத் தள்ளும். நடுவுல வெச்சா எதைப் புட்சிகினு தள்ளும்?"

மூத்தவளுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். கையில் சீப்போடு வந்து நின்றாள். "மாமா, ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுட்டா நம்ம மொட்டை மாடியிலருந்து பாக்கறோமே, அது மேல போனப்புறம் அங்க காத்தே இல்ல. எந்தச் சுவத்துல மோதுது?"

மாமா யோசித்தார். பலூன் உள்ளே இருக்கிற காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அந்தக் காற்று அதே அளவு விசையில் பலூனை முன்னால் தள்ளுகிறது, விஷயம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான், சுவருக்கு அங்கே வேலையில்லை, இதை நியூட்டன் 1687-லேயே எழுதிவிட்டார் என்று அவள் ஒப்பித்தாள். படிக்கிற பெண்ணோடு வாதாட வேண்டாமென்று மாமா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். ஆனால் குழாய் கோணலாக இருந்தால் வண்டி திரும்பிவிடும், அது சுக்கான் மாதிரி வேலை செய்யும் என்று அவர் சொன்னதை அவளாலும் மறுக்க முடியவில்லை.

இத்தனை பேர் சேர்ந்தும் வண்டி அரை அடி நகர்ந்து நின்றது. பலூன் மட்டும் சீக்கிரம் காலியானது. ரப்பர் பேண்ட் சரியில்லை என்றார் ஒருவர், பலூனே மட்டம் என்றார் இன்னொருவர். தன் வண்டியைத் தொட்டுப் பார்க்கவே இடம் கிடைக்காமல் பூனையோடு படியில் உட்கார்ந்திருந்த என் பையன், பெரியவர்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில் அதை எடுத்துக் கன்னத்தோடு ஒட்டி வைத்து ஊதிப் பார்த்திருக்கிறான். பேனாக்கூட்டின் இடுப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்குமே, எழுதும்போது மை தடைபடாமல் இறங்குவதற்கு, அதன் வழியாகக் காற்று புஸ்ஸென்று கன்னத்தில் அடித்திருக்கிறது. ஒரு துண்டு டேப் ஒட்டி விஷயத்தை முடித்தான். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் யாரும் அவனைப் பாராட்டவில்லை. "அதான் நானும் சொல்லிகினு இருந்தேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

கடைசிக் கைவண்ணம் தெருமுனைக் கேரம் கிளப் பையன்களுடையது. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் உண்டு, போர்டு வழுக்கப் போரிக் பவுடரும் உண்டு. அதில் ஒரு சிட்டிகையை அச்சில் தடவிவிட்டார்கள். உராய்வு குறைந்து குச்சி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

பலூனை ஊதிக் கூடத்து வாசலில் விட்டான் பையன். வண்டி கிளம்பிய வேகத்தில் ஐசிஎஃப் தாத்தா காலைத் தூக்கிக்கொண்டார். மொசைக் தரையில் நேராக ஓடி, நடுவில் கொஞ்சம் சோர்ந்து, நின்றுவிடும் என்று நினைத்தபோது திடீரென்று ஒரு உந்து உந்தியது. பலூன் சின்னதாகும்போதுதான் ரப்பர் காற்றை அதிகமாக அழுத்துமாம். முதல்முறை பலூன் ஊதும்போது ஆரம்பத்தில் மூச்சு முட்டுவதும் அதனால்தானாம், மூத்தவள் சொன்னாள். அந்தக் கடைசி உந்தில் வண்டி சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே சங்கரா சட்டிக்குக் காவல் இருந்த பூனை அதன் மேல் பாய்ந்ததில் பலூன் வெடித்தது. பூனை ஜன்னல் வழியாகப் போனது, இரண்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் தெர்மாகோல் பந்தயக் கார்கள், பெயின்ட் அடித்த பஸ்கள் எல்லாம் வந்திருந்தனவாம். நிறைய நகரவில்லையாம். எங்கள் பாட்டில் ஓடியிருக்கிறது. யார் செய்தது என்று மிஸ் கேட்க, என் மகன் அரிச்சந்திரன் பேரனாட்டம் சொல்லியிருக்கிறான்: "அச்சு தாத்தா, குழாய் லாஞ்ச் மாமா, பவுடர் கேரம் அண்ணனுங்க, விதி அக்கா, ஓட்டை நானு."

"அப்பா?"

"அப்பா ஊதினாரு மிஸ்."

வண்டி போட்டியில் இரண்டாவது வந்தது. முதல் பரிசு வாங்கிய வண்டியின் அப்பா யாரென்று எங்கள் வீட்டுக்காரர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேரம் கிளப்பில் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, வளர்ந்த ஆண்பிள்ளைகள் பலூன் வண்டி விடுகிறார்கள். தோற்றவர் டீ வாங்க வேண்டும். பலூன் பாக்கெட்டை என் மகன் வைத்திருக்கிறான், ஒன்று ஐந்து ரூபாய், அப்பாவுக்கு மட்டும் கடன் கிடையாது. அவர் அந்தப் பத்துச் சக்கர பிளைவுட்டையே அச்சு மாற்றி மறுபடி இறக்கியிருக்கிறார். தாடை வலிக்கிறதென்று ராத்திரி சோற்றைக் குழைத்துக் கேட்கிறார். வண்டியின் கனத்தைக் குறைக்கச் சொல்லித் தாத்தா தலைதலையாய் அடித்துக்கொள்கிறார். இவர் அதன் முதுகில் ஒரு தீப்பெட்டியை வேறு நூல் போட்டுக் கட்டியிருக்கிறார். லோடு ஏற்றாமல் டிரெய்லரை எடுத்துப் பழக்கமில்லையாம்.