பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது?

வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போகிற நம் கரையோர ஆட்களின் கையில் கொடுத்தனுப்பும் தாளை எங்கள் அலுவலகத்தில் நான்தான் எழுதுகிறேன். விசா, டிக்கெட், எந்த ரயில், எங்கே சாப்பாடு, யாரை அழைப்பது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கான தாள் பாதியில் நிற்கிறது. 'கூட வந்தவரைப் பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்' என்ற வரியை இந்த முறையும் எழுதுவதா வேண்டாமா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

2024 ஜூலையில் ரோமில் நடந்த மீன்வளக் குழுக் கூட்டத்துக்குப் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற அக்கா ஒருவரை அனுப்பினோம். அவர் பேச்சை மொழிபெயர்க்க ஒரு பிள்ளையும் கூடப் போனது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் குழு அது. சிறு மீனவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2014-ல் ஏற்றுக்கொண்டதும் அந்தக் குழுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவுக்குள் வந்ததிலிருந்து தீவோரம் இறங்குவதே நம் பெண்கள் மீது வழக்குப் போடக் காரணமாகிப் போனது. அந்த நெறிகள் வெறும் தாளாக இருந்தாலும் காட்டிப் பேச நமக்கென்று ஒன்று இருக்கிறதே என்பதால் இந்தப் பயணத்தை நான் பெரிதாக நினைத்தேன்.

விசாவுக்குச் சென்னையில் கைரேகை வைக்கப் போனபோதே சிக்கல். பல வருடமாகப் பாறையிலும் பவளத்திலும் பாசி பறித்த விரல்கள். துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள், ஆனாலும் ரேகை தேய்ந்துவிடுகிறது. திரும்பத் திரும்பத் துடைத்து, அழுத்தி, ஒருவழியாகப் பதிந்தது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் என்று மற்றதெல்லாம் காகித வேலை. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது, சென்னைக்கு மண்டபத்தில்தான் ஏற வேண்டும். அந்த அலைச்சலையெல்லாம் அக்கா ஒரு சொல் முணுமுணுக்காமல் அலைந்தார்.

தாளை அவருக்கென்றே எழுதினேன். விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு நிற்காமல் போகும் ரயில் 32 நிமிடம், சீட்டு 14 யூரோ. தெர்மினியிலிருந்து மெட்ரோ பி வழியில் மூன்றாவது நிறுத்தம் சிர்கோ மாசிமோ. மேலே ஏறி வந்தால் கண்முன்னே பெரிய வெள்ளைக் கட்டடம், அதுதான் கூட்டம் நடக்கும் இடம். முதல் நாள் பாஸ்போர்ட்டைக் காட்டி அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மெட்ரோ சீட்டு ஒன்றரை யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் பிக்பாக்கெட் அதிகம் என்பதால் பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கட்டும். பால்கோவா கொண்டுபோக முடியாது, பால் பொருளுக்கு அங்கே தடை. கருவாடு கொண்டுபோகலாம், மீன் வகைக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. தெருக் குழாய்களில் இரவு பகலாகத் தண்ணீர் ஓடும், குடிக்கலாம். இந்தக் கடைசி வரியை மட்டும் அக்கா நம்பவில்லை. "சும்மாவா ஓடுது? யாரும் அடைக்க மாட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். குடத்துக்கு விலை கொடுத்துப் பழகிய ஊர்க்காரர் வேறு எப்படிக் கேட்பார்?

கிளம்புவதற்கு முன் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பிரிந்துவிட்டால் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"நின்னா யாரு தம்பி வருவா?"

"நம்ம பிள்ளை வரும்க்கா. உங்களத் தேடிக்கிட்டு வரும்."

"தேடும், சரி. எங்க வந்து தேடும்? தீவுக்குப் போனா இறங்குன எடத்துலயா நாங்க ஏறுறோம்? நீவாடு, அதான் நீரோட்டம், ஒரு பக்கம் இழுக்கும், பாசி ஒரு பக்கம் கிடக்கும். வள்ளம் எங்க கட்டியிருக்கோ அங்க வந்து சேருன்னுதான் சொல்லிக்குவோம். நின்ன எடத்துல நில்லுன்னு எங்கள்ல யாரும் சொன்னதில்ல."

"அது நீங்க பொறந்து வளர்ந்த கடல். இது பாஷை தெரியாத ஊரு. நடந்தா இன்னும் தொலைஞ்சு போவோம்க்கா."

"சரி" என்றார். தாளை மடித்து வைத்துக்கொண்டார். அந்தச் சரியை ஒப்புக்கொண்ட சரியாகத்தான் நான் கேட்டேன். இப்போது நினைத்தால், பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்ன சரியாகவும் அது இருந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை தெர்மினியில் நெரிசலில் முண்டி அக்கா மெட்ரோவில் ஏறிவிட்டார். மொழிபெயர்க்கப் போன பிள்ளை ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. வெளியூர் சிம் பிள்ளையின் போனில் மட்டும்தான் இருந்தது. தாளில் இன்னொரு வரியும் உண்டு: 'ரயிலில் பிரிந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நில்லுங்கள்.' பிள்ளை அதை நம்பி அடுத்த ரயிலில் ஏறி, தெர்மினிக்கு அடுத்த நிறுத்தமான காவூரில் இறங்கியது. இரண்டு நடைமேடையிலும் தேடி, காத்திருந்து, திரும்பத் தெர்மினிக்குப் போய் அங்கேயும் தேடியிருக்கிறது. அக்கா காவூரில் இறங்கவே இல்லை. மூன்றாவது நிறுத்தம் என்று நான் எழுதியிருந்ததை விரலில் எண்ணி, மூன்றாவதில் இறங்கி, மேலே வந்து, கழுத்து அட்டையைக் காட்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பேச வேண்டிய சின்ன அமர்வு சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டது. அங்கே ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான். அவர் முறை வந்தபோது தமிழிலிருந்து எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அடுத்தவர் பேசினார். பிள்ளை மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கேள்வி நேரமும் முடியப் போகிறது. எழுதி வைத்திருந்த உரையை நடத்தியவர்களிடம் கொடுத்தார்கள். அவர்களும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அன்று பிள்ளை போனில் அழுதது. "நீ தாள்ல இருக்கிற மாதிரிதானம்மா செஞ்ச" என்று தேற்றினேன். அக்கா செய்ததும் தாளில் இருந்ததைத்தானே என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஒருவர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் இன்னொன்றை. இரண்டையும் எழுதியவன் நான்.

நிற்கச் சொன்ன அந்த வரி தவறு என்று எனக்கு இன்றும் படவில்லை. பிரிந்தவர் இருவரும் நகர்ந்துகொண்டே இருந்தால் சந்திக்கவே முடியாது. அக்கா காவூரில் இறங்கி நின்றிருந்தால் பின்னாலேயே வந்த ரயிலில் பிள்ளை வந்திருக்கும், இருவரும் சேர்ந்து நேரத்துக்குள் போயிருப்பார்கள், மூன்று வருடமாக நாங்கள் பேசிப் பேசி எழுதிய உரையை அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமிருந்தும் போடலாம். பிள்ளை காவூரில் இறங்காமல் நேரே சிர்கோ மாசிமோ போயிருந்தால்? இருவரும் போக வேண்டிய இடம் ஒன்று, அந்த இடம் இருவருக்கும் தெரியும். வள்ளம் கட்டியிருக்கும் இடத்துக்கு வந்து சேருங்கள் என்று அக்கா சொன்னது இதைத்தான். அவர் அதை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். கடல் வேறு, ஊர் வேறு என்று நான் பதில் சொன்னேன். நான் ரோமைப் பார்த்ததில்லை. நடத்துபவர்கள் அனுப்பும் குறிப்புகளைத் தமிழில் எழுதி, நம் ஆட்களுக்குத் தேவையானதைச் சேர்க்கிறவன். பாஷை தெரியாத ஊரில் தனியாக நிற்பதை நினைத்து அன்று பயந்தது யார் என்று கேட்டால், அக்கா இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, அவருக்கு எண்ணத் தெரிந்தது, இறங்கினார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? எதிர்த்திசை ரயிலில் ஏறியிருந்தால்? ஜூலை வெயிலில் எங்காவது மயங்கி விழுந்திருந்தால், நகராதே என்று ஏன் எழுதவில்லை என்று அவர் மகன் என்னைத்தானே கேட்பான்?

திரும்பி வந்த அக்காவிடம் பேச முடியாமல் போனது வருத்தமா என்று கேட்டேன். "இருக்காதா?" என்றார். கொஞ்சம் கழித்து, "என் பேர் எழுதின பலகை வச்சிருந்தாங்க தம்பி. அதுக்குப் பின்னாடி ஆள் இருந்துச்சு" என்றார். பெருமையாகச் சொன்னாரா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, தெரியவில்லை. தெருக்குழாய்த் தண்ணீரைப் பற்றித்தான் அதன்பிறகு நெடுநேரம் பேசினார்.

அடுத்த முறை போகிறவர் நாட்டுப்படகுச் சங்கத்துத் தம்பி ஒருவர். வயசு குறைவு, கையில் நல்ல போன். தாளைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். "நிக்கச் சொல்லியே எழுது. அவன் பாட்டுக்குக் கிளம்பிருவான்" என்கிறார். நின்று தேடிய பிள்ளையோ அந்த வரியை எடுத்துவிடுங்கள் அண்ணா என்கிறது. விமான நிலையத்துக்கு மட்டும் நிற்கச் சொல்லிவிட்டு, நகருக்குள் 'கட்டட வாசலில் வந்து சேருங்கள்' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய வரியை இன்னும் அடிக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்க இந்த வாரம் முடிய நேரம் இருக்கிறது.