46 டாலர் மிச்சம் பிடித்த கதை: கடை கார்டு பில்லைக் கட்டிய அனுபவம்

அமெரிக்காவில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் மனைவிக்கு ஒரு கோட்டும் எனக்கு ஒரு ஜோடி பூட்ஸும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனோம். மொத்தம் 233 டாலர். "எங்கள் கடையின் கிரெடிட் கார்டு எடுத்தால் இப்போதே 20 சதவீதம் கழித்துவிடுவேன், இரண்டே நிமிடம்" என்றார் அங்கிருந்த பெண். 46 டாலர் 60 சென்ட் மிச்சம். நான் மனைவியைப் பார்த்தேன், அவள் கோட்டைப் பார்த்தாள். கவுன்டரில் கார்டு தேய்க்கும் கருவியில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை, அதாவது அரசு தரும் அடையாள எண்ணை, அழுத்தியதும் ஒப்புதல் வந்துவிட்டது.

வாங்குவதற்கு இரண்டு நிமிடம் ஆன அந்த கார்டுக்குப் பணம் கட்டக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் ஸ்டேட்மென்ட் வந்தது. கெடு தேதி 14. நான் பார்த்தது 5ஆம் தேதி. என் வங்கியின் தளத்திலேயே 'பில் பே' என்று பில் கட்டும் வசதி இருக்கிறதே, வீட்டு வாடகையே அதில்தானே போகிறது என்று அங்கேயே போனேன். யாருக்குக் கட்ட வேண்டும் என்று கேட்ட இடத்தில் கடையின் பெயரைத் தட்டினால், அதே பெயரில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டும் வெவ்வேறு ஊர்களில் உள்ள தபால் பெட்டி எண்கள். முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, கார்டு எண்ணைக் கொடுத்து, முழுத் தொகையையும் போட்டு அனுப்பினேன். '11ஆம் தேதி போய்ச் சேரும்' என்றது. மூன்று நாள் முன்னதாகவே கட்டிவிட்ட திருப்தியில் அதை மறந்தும் போனேன்.

போய்ச் சேர்ந்தது 17ஆம் தேதி. அடுத்த ஸ்டேட்மென்டில் தாமதக் கட்டணம் 30 டாலர், வட்டி 4 டாலர் 12 சென்ட்.

எங்கே தவறு என்று அன்று ராத்திரி உட்கார்ந்து துருவினேன். கார்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கம் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், ஒரு வங்கியின் பெயர் இருப்பதைக் கவனித்தேன். முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது கடையின் பெயர்தான். கடன் கொடுத்தது கடை இல்லை. இங்கே பெரும்பாலான கடை கார்டுகளின் கதை இதுதான். மேசிஸ் கார்டுக்குப் பின்னால் இருப்பது சிட்டி பேங்க், கோல்ஸ் கார்டுக்குப் பின்னால் கேப்பிட்டல் ஒன், ஜேசி பென்னிக்கு சிங்க்ரனி. நான் வாங்கிய கடையோ, சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கியை விட்டு இன்னொரு வங்கிக்கு மாறியிருந்தது. என் வங்கியின் பட்டியலில் இருந்த முதல் வரி பழைய வங்கியின் முகவரி. இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது: பில் பே என்றால் எப்போதும் மின்வழிப் பரிமாற்றம் என்று அர்த்தம் இல்லை. பணம் வாங்க வேண்டிய நிறுவனத்தோடு மின்வழி இணைப்பு இல்லாவிட்டால், வங்கி நிஜமாகவே ஒரு காகித செக்கை அச்சடித்து, ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போட்டுவிடுகிறது. என் செக் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பிவிடப்பட்டு, ஊர் சுற்றி வந்திருக்கிறது.

மறுநாள் கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு போன் போட்டேன். தானியங்கிக் குரல் நான்கு கேள்வி கேட்டது. நான் "ரெப்ரசன்டேட்டிவ்" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் மனிதக் குரல் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "இதுதான் முதல் தடவை என்பதால் தாமதக் கட்டணத்தை எடுத்துவிடுகிறேன். வட்டியை எடுக்க முடியாது" என்றார். சரி, 4 டாலர்தானே. கேட்காமல் இருந்திருந்தால் 30ம் போயிருக்கும். இப்படிக் கட்டணம் விழுந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் தடவைக்குப் பல இடங்களில் விட்டுக்கொடுக்கிறார்கள்.

அதே அழைப்பில், போனிலேயே கட்ட முடியுமா என்றும் கேட்டு வைத்தேன். தானியங்கிக் குரலிடம் கட்டினால் இலவசம். ஆள் மூலமாக அவசரமாகக் கட்டினால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால், மனிதக் குரல் கேட்ட சந்தோஷத்தில் அவரிடமே கட்டிவிடுவதற்கு முன், "இதற்குக் காசு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது மாதம் உஷாராக இருந்தேன், அதாவது உஷாராக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இடையில் மனைவி அதே கார்டில் போர்வையும் தலையணையும் வாங்கியிருந்தாள். இந்த முறை நடுவில் யாரும் வேண்டாம் என்று கார்டு கொடுத்த வங்கியின் தளத்துக்கே நேராகப் போய்க் கணக்கு திறந்தேன். பணம் எடுக்க வேண்டிய வங்கிக் கணக்கைச் சேர்க்கச் சொன்னது. செக் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

அமெரிக்க செக்கின் அடியில் விசித்திரமான எழுத்துருவில் ஒரு நீண்ட எண் வரிசை இருக்கும். என்னுடைய செக்கில் இடது ஓரத்தில், ஒரு கோடும் இரண்டு குட்டிக் கட்டங்களுமாக இருக்கும் குறிகளுக்கு நடுவே 9 இலக்கம். அதுதான் ரவுட்டிங் நம்பர். எந்த வங்கி என்று சொல்வது. அடுத்து நம் கணக்கு எண். அதற்கும் அடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, செக் நம்பர். மூலையில் மேலே அச்சாகியிருக்கும் அதே எண்தான். சில செக்குகளில் இந்த வரிசை மாறியும் இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், ரவுட்டிங் நம்பரைச் சரியாகப் போட்டுவிட்டு, மீதி இருந்த மொத்தத்தையும் கணக்கு எண் என்று அடித்துவிட்டேன். கணக்கு எண்ணின் வாலில் செக் நம்பரும் ஒட்டிக்கொண்டது. 'உறுதிப்படுத்த மீண்டும் உள்ளிடவும்' என்று கேட்டபோதும் அதையே பார்த்து அதையே அடித்தேன்.

தளம் ஒன்றும் சொல்லவில்லை. ரவுட்டிங் நம்பரில் ஒரு இலக்கம் தவறினால் அதன் கடைசி இலக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட முடியும். கணக்கு எண்ணுக்கு அப்படிப் பொதுவான சோதனை கிடையாது. 'நன்றி, உங்கள் பணம் பெறப்பட்டது' என்று பச்சை நிற டிக்கோடு வந்தது. பாக்கி பூஜ்யம் என்றும் காட்டியது. அது 9ஆம் தேதி. 13ஆம் தேதி சாயங்காலம் மின்னஞ்சல்: 'உங்கள் பணம் திரும்பிவிட்டது.' பெறப்பட்டது என்று அவர்கள் சொன்னது என் கட்டளையைத்தான், காசை இல்லை.

சரியான எண்ணைப் போட்டு மறுபடி முயன்றால், புதுக் கணக்கு 'சரிபார்க்கப்படுகிறது' என்று அங்கேயே நின்றது. மறுநாள் கெடு. "என்னங்க, கடையில கார்டு குடுத்தாங்கல்ல, கடையிலயே போய்க் கட்டிட முடியாதா?" என்றாள் மனைவி. இந்த யோசனை எனக்கு ஏன் ஒரு மாதமாக வரவில்லை என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் போனேன். எல்லாக் கடைகளிலும் எந்தக் கவுன்டரிலும் வாங்கிவிட மாட்டார்கள். இங்கே இரண்டாவது மாடியில், குழந்தைகள் துணிப் பிரிவைத் தாண்டி, கழிவறைக்குப் போகும் வழியில் வாடிக்கையாளர் சேவைக் கவுன்டர். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பழுப்பு உறையிலிருந்து 20 டாலர் நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் இப்படித்தான் கட்டுவார் போல. கவுன்டரில் இருந்த அம்மா அவரைப் பெயர் சொல்லி விசாரித்தார்.

என் முறை வந்தது. கார்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் கேட்டார். ரொக்கம், செக், டெபிட் கார்டு மூன்றும் வாங்குவார்களாம். வேறு கிரெடிட் கார்டில் கட்டிப் பாயின்ட் சேர்க்கலாமா என்று ஒரு நப்பாசையில் கேட்டேன். "எல்லோரும் கேட்கிறார்கள், ஹனி" என்று சிரித்தார். டெபிட் கார்டைத் தேய்த்தேன். ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தவர், "இப்போதே இதை ஒரு போட்டோ எடுத்துக்கொள். இந்தத் தாள் இரண்டு மாதத்தில் வெள்ளையாகிவிடும்" என்றார். எடுத்துக்கொண்டேன். தளத்தில் அன்றைய தேதியிலேயே வரவாகியிருந்தது. கெடு அன்று கையில் காசோடு நிற்பவருக்கு நான் சொல்வது கடைதான், அந்தக் கடை அங்கே பணம் வாங்குமானால்.

தாமதம் ஆகவில்லை. ஆனாலும் பணம் திரும்பியதற்கு 30 டாலர் கட்டணம் விழுந்தது. மறுபடி போன். "போன மாதம் உங்களுக்கு ஒன்று தள்ளுபடி செய்திருக்கிறோம்" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர், மிகவும் மரியாதையாக. அதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை, அந்த 30ஐயும் அப்போதே கட்டிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு சாமானும் வாங்கவில்லை, பாக்கியும் இல்லை. ஆனால் 2 டாலருக்கு பில் வந்தது. குழம்பிப் போனேன். விஷயம் என்னவென்றால், முதல் மாதம் முழுத் தொகையும் கெடுவுக்குள் போய்ச் சேராததால் வட்டியில்லாச் சலுகைக் காலம் பறிபோயிருந்தது. அதன் பிறகு வாங்கியதற்கு நாள் கணக்கில் வட்டி ஓடியிருக்கிறது. ஸ்டேட்மென்ட் அச்சான நாளுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அடுத்த மாதத்தில்தான் தலை காட்டும். கணக்குப்படி அது ஒரு டாலர் சொச்சம்தான். குறைந்தபட்ச வட்டி 2 டாலர் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்ததால் 2 டாலர். இதை அலட்சியமாக விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் வரும். ஒரு ஆறுதல், தாமதக் கட்டணம் அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையைத் தாண்டக் கூடாது என்பது விதி.

விதி என்றதும், இதற்கிடையில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கிரெடிட் கார்டுகளுக்கு 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி கெடு தேதி மாதாமாதம் ஒரே தேதியாக இருக்க வேண்டும். கெடுவுக்குக் குறைந்தது 21 நாள் முன்பே ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். கெடு நாளன்று மாலை 5 மணிக்குள் வந்து சேரும் பணத்தைத் தாமதம் என்று சொல்லக் கூடாது. தபாலை வாங்காத ஞாயிறோ விடுமுறையோ கெடு நாளாக வந்தால், அடுத்த வேலை நாளில் போய்ச் சேரும் செக்கைத் தாமதம் என்று சொல்லக் கூடாது. தபாலில் அனுப்புகிறவர்கள் ஸ்டேட்மென்டின் அடியில் கிழிக்கும் துண்டையும் செக்கோடு வைத்து, செக்கில் கணக்கு எண்ணை எழுதி, பணம் அனுப்பச் சொல்லியிருக்கும் முகவரிக்கே அனுப்ப வேண்டும். புகார் கடிதத்துக்கான முகவரி வேறு. நான் தபாலில் அனுப்பிப் பார்க்கவில்லை. என் வங்கி எனக்காக அனுப்பிப் பார்த்ததே போதும்.

நான் நூலிழையில் தப்பித்த இன்னொன்றும் உண்டு. போர்வை நிறம் பிடிக்காமல் மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டாள், அந்தத் தொகை கார்டில் வரவானது. அதுவே மினிமம் தொகையைவிட அதிகம் என்பதால் அந்த மாதம் கட்டத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தின் நுணுக்க எழுத்தைப் படித்தால், திருப்பிக் கொடுத்த சரக்கின் வரவு 'கட்டணம் செலுத்தியதாகாது' என்று இருந்தது. பாக்கி குறையும், ஆனால் மினிமம் அப்படியே நிற்கும்.

இப்போது ஆட்டோ பே போட்டிருக்கிறேன், மாதாமாதம் பணம் தானாகவே போய்விடும். மினிமம், முழு ஸ்டேட்மென்ட் தொகை, நாமே சொல்லும் ஒரு தொகை என்று மூன்றில் ஒன்றைக் கேட்கும். பெட்டியில் முதலில் டிக் ஆகியிருந்தது மினிமம்தான், அதை மாற்றினேன். போட்ட மாதமே வேலை செய்யும் என்று நம்பவில்லை. அடுத்த மாதத்திலிருந்துதான் ஆரம்பம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த ஒரு மாதத்தைக் கையால் கட்டினேன், செக் நம்பர் இல்லாமல்.

போன வாரம் மனைவி பேனாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தள்ளுபடியில் மிச்சம் 46 டாலர் 60 சென்ட். வட்டி 4.12, திரும்பிய பணத்துக்கு 30, பிறகு 2. போக, கோட்டில் எங்களுக்கு லாபம் 10 டாலர் 48 சென்ட்.

"கடைக்குப் போய் வந்த பெட்ரோலைச் சேர்க்கலையே" என்றேன்.

"அதான் பார்க்கிங்கையும் சேர்க்கல" என்றாள்.