ஏழு பேரும் மூன்று படுக்கைகளும்

சியாட்டிலில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஸ்கிரிப்னர் என்ற மருத்துவரின் பெயர் நன்றாகத் தெரியும். திருநெல்வேலியில் நர்சிங் படித்து, அங்கேயும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், மூத்த செவிலியர் ஒருவர் அவர் உருவாக்கிய வகைப் பழைய குழாய் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை டெஃப்லான் குழாய், 'ப' எழுத்து வடிவில் வளைந்தது. ஒரு முனை முன்கையில் தமனிக்குள் போகும், மறு முனை சிரைக்குள் போகும். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் ரத்தம் தோலுக்கு வெளியே இந்தக் குழாய் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். டெஃப்லான் வழவழப்பானது என்பதால் ரத்தம் எளிதில் உறையாது.

1960 மார்ச் 9-ஆம் தேதி, கிளைட் ஷீல்ட்ஸ் என்ற போயிங் தொழிலாளியின் கையில் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதற்கு முன்பும் டயாலிசிஸ் இயந்திரம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தமனியையும் சிரையையும் வெட்டித் திறக்க வேண்டும். சில முறைகளுக்குப் பிறகு வெட்ட இடமே இருக்காது. அதனால் கொஞ்ச நாளில் சிறுநீரகம் தானே தேறிவிடும் என்ற நோயாளிகளுக்கு மட்டும்தான் அது பயன்பட்டது. நிரந்தரமாகச் செயலிழந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரும் பொறியாளர் வேய்ன் குயின்டனும் சேர்ந்து உருவாக்கிய இந்தச் சின்னக் குழாய் அந்தக் கணக்கையே மாற்றியது. ஷீல்ட்ஸ் மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

சாக வேண்டியவர்கள் சாகவில்லை என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. 1962 ஜனவரியில், ஸ்வீடிஷ் மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம் தொடங்கியது. அங்கே மூன்று படுக்கைகள். ஒருவருக்கு டயாலிசிஸ் முடிய பல மணி நேரம், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவையோடு போகாது, வாழ்நாள் முழுதும். வாசலில் நின்றவர்களோ அந்த மூன்று படுக்கைகளுக்கு அடங்காத எண்ணிக்கை.

யாரைச் சேர்ப்பது? முதலில் மருத்துவர்கள் உடல்நிலையைப் பார்த்து வடிகட்டினார்கள். மீதிப் பெயர்கள் ஊர்மக்கள் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் போயின. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். பெயர்கள் வெளியே சொல்லப்படவில்லை. நோயாளிகளை அவர்கள் நேரில் பார்க்கவும் இல்லை. வயது, திருமணம், எத்தனை பிள்ளைகள், வேலை, படிப்பு, வருமானம், கோயிலுக்குப் போகிறவரா, பொதுக்காரியங்களில் ஈடுபாடு உண்டா என்றெல்லாம் எழுதிய தாள்தான் அவர்கள் முன்னால் இருந்தது.

1962 நவம்பரில் லைஃப் பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய நீண்ட கட்டுரை இதை நாட்டுக்கே தெரியப்படுத்தியது. அதில் இந்தக் குழுவின் உரையாடல் ஒன்று வருகிறது. ஐந்து நோயாளிகளில் இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள விதவைக்கு மறுமணம் ஆக வாய்ப்பு அதிகம், ஆறு பிள்ளைகள் உள்ளவளுக்கு அது கடினம் என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். நோயாளிகளான கணவன்மார் இன்னும் உயிரோடு இருக்கும்போதே! முதல் தடவை படித்தபோது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சென்னையில் டயாலிசிஸ் அறைக்கு வெளியே பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த ஏழு பேர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காக வந்து உட்கார்ந்த மனிதர்கள் அவர்கள். எதை வைத்து முடிவெடுப்பது என்று அவர்களுக்கு யாரும் பெரிதாகச் சொல்லித்தரவில்லை. என் கோபமெல்லாம் அவர்களிடம் கொடுக்கப்பட்ட கேள்வியின் மேல்தான். இந்த ஆள் வாழத் தகுதியானவரா என்று கேட்டால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன்னைப் போன்ற ஆளுக்குத்தான் கை தூக்குவார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், சாரணர் இயக்கத்தில் இருப்பவர், நிலையான வேலை உள்ளவர் எல்லாம் நல்லவர்கள். தனியாக வாழ்கிற, ஊரோடு ஒட்டாத, வேலை மாறிக்கொண்டே இருக்கிற ஒருவரும் அதே அளவுக்கு உயிருள்ளவர்தான். 1968-இல் ஒரு மனநல மருத்துவரும் ஒரு சட்டப் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஹென்றி டேவிட் தோரோ போன்ற ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால் இந்தப் பகுதியில் பிழைக்க வழியில்லை என்று எழுதினார்கள். காட்டுக் குடிசையில் தனித்து வாழ்ந்தவரல்லவா தோரோ!

இதையெல்லாம் நான் விரிவாகப் படித்தது, வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் உயிர்நெறி (மருத்துவத்தில் எது சரி, எது தவறு என்று ஆராயும் படிப்பு) மற்றும் மானுடக் கலைகள் துறையினால்தான். பணிக்குப் பிறகு அங்கே வகுப்புக்குப் போனேன். மருத்துவக் கல்லூரிக்குள் தத்துவம் படித்தவர்களும் வரலாற்றாசிரியர்களும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரே துறையில் இருப்பதைப் பார்த்து நான் அசந்துபோனேன். முன்பு ஏசுசபைப் பாதிரியாராக இருந்த ஆல்பர்ட் ஜான்சன் 1987 முதல் 1999 வரை இந்தத் துறையை நடத்தியவர். லைஃப் கட்டுரை வந்து முப்பது ஆண்டுகள் ஆனதையொட்டி 1992-இல் சியாட்டிலில் அவர் ஒரு மாநாடு கூட்டினார். உயிர்நெறியியல் என்ற துறை பிறந்த கதையை அந்தக் கட்டுரையில் இருந்தே அங்கே பேசத் தொடங்கினார்கள்.

வகுப்பில் நாங்கள் அந்த ஏழு பேரின் இடத்தில் உட்கார்ந்து வாதாடினோம். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் ஒருவர். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றார் இன்னொருவர். முதலில் வருவதற்கே கார் வேண்டும், மருத்துவர் பழக்கம் வேண்டும் என்று நான் மறுத்தேன். சூடு ஏறிக்கொண்டே போனது. ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்று படுக்கைகள்தான் என்று முடிவு செய்தது யார் என்று கேட்டார்.

எனக்கு அந்தத் துறையின் வேலை என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. தராசில் எப்படி எடை போடுவது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிற இடமல்ல அது. தராசை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும் அங்கே கேட்கிறார்கள். வரலாறு, தத்துவம் போன்ற மானுடக் கலைப் படிப்புகள் மருத்துவக் கல்லூரிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். வரலாறு தெரியாதவருக்கு மூன்று படுக்கைகள் இயற்கையின் விதி போலத் தெரியும். வரலாறு தெரிந்தால், 1964-இல் நடந்தது கண்ணில் படும். அப்போது ஒரு பள்ளி மாணவிக்கு இந்த மையத்தில் இடம் கிடைக்கவில்லை. அணுப் பொறியியல் பேராசிரியர் லெஸ் பாபும் அவருடைய குழுவும் சில மாதங்களிலேயே வீட்டில் வைத்து இயக்கும்படி ஒரு சிறிய இயந்திரத்தைச் செய்து கொடுத்தார்கள். வீட்டு டயாலிசிஸ் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் ஷெப் கிளேசர் என்ற நோயாளி வாஷிங்டன் டி.சி.யில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் தன்னை இயந்திரத்தோடு இணைத்துக் காட்டினார். 1972 அக்டோபரில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், ஏறக்குறைய எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் வயதைப் பாராமல் மெடிகேர் என்ற, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வழியாகச் செலவை ஏற்றது. ஏழு பேரும் உட்கார்ந்து எடை போட்ட உயிர்களுக்கு, ஒரு பொறியாளரும் ஒரு சட்டமும் சேர்ந்து இடம் கொடுத்தார்கள்.

சரி, இன்று படுக்கை கிடைத்துவிடுகிறது. துறைக்கு இன்னும் என்ன வேலை?

நான் பணிபுரியும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு தச்சர், பல ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் வருகிறவர். சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். ஒரு நாள், இனி வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார். மகள் அழுதுகொண்டே வந்தார். அப்பா மனம் உடைந்து பேசுகிறார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்று எங்களிடம் கெஞ்சினார். எது சரி என்று குழப்பம் வரும்போது மருத்துவமனையில் கேட்கிற நெறிமுறை ஆலோசனைக்கு மருத்துவர் அழைப்பு விடுத்தார்.

ஆலோசகர் வந்ததும் கோப்பைத் திறக்கவில்லை. சக்கர முக்காலி ஒன்றை இழுத்து, பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். பெரியவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: "இங்கே வந்து போகிற நாள் முழுக்கத் தூக்கம். மறுநாள் பாதி தூக்கம். எழுந்து சாப்பிட உட்கார்ந்தால் மறுபடி இங்கே வர வேண்டும்."

பிறகுதான் ஆலோசகர் ஒரு தாளில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டு நான்கு கட்டமாக்கினார். ஜான்சனும் அவருடைய இரு சகாக்களும் 1982-இல் வெளியிட்ட முறை அது. முதல் கட்டத்தில் நோயின் நிலை, சிகிச்சையால் என்ன பலன். இரண்டாவதில் நோயாளியின் விருப்பம். மூன்றாவதில் அவர் வாழும் வாழ்க்கை எப்படி இருக்கிறது. நான்காவதில் குடும்பம், பணம், சட்டம், சமயம் முதலிய மற்றவை. மகள் சொன்னது அத்தனையும் கவனமாக எழுதப்பட்டது, ஆனால் நான்காவது கட்டத்தில். இரண்டாவது கட்டத்தில் பெரியவருடைய வாய்ச்சொற்கள் மட்டுமே இருந்தன. மனச்சோர்வா என்பதை மனநல மருத்துவர் பார்த்தார். துக்கம் இருக்கிறது, ஆனால் தன் முடிவின் பொருள் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றார்.

மகளை யாரும் தோற்கடிக்கவில்லை. கடற்படையில் இருக்கும் பேரன் விடுப்பில் வரும் வரை தொடர முடியுமா என்று அவர் கேட்டார். பெரியவர் ஒப்புக்கொண்டார். பேரன் வந்து சேர்ந்த வாரத்தில் அவருக்குக் கடைசி முறையாக நான்தான் ஊசியை எடுத்தேன். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருந்த இடமான ஃபிஸ்டுலா மேல் பஞ்சுத்துணியை வைத்து அழுத்தினேன். விரலுக்கடியில் ரத்தம் வழக்கம் போலவே அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் பேரன் தாத்தாவுக்குக் கப்பல் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அதன் பிறகு வீட்டில் நோய்த்தணிப்புக் கவனிப்பு. இரண்டு வாரத்துக்குள் காலமானார்.

1962-இல் அந்த ஏழு பேர் ஒரு நோயாளியின் குரலைக்கூடக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். இன்று ஆலோசனை நோயாளிக்குப் பக்கத்தில் முக்காலி போடுவதில் தொடங்குகிறது. இது தானாக வந்த மாற்றம் என்று நினைக்க வேண்டாம். கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததால் வந்தது. என் அண்ணன் மகள் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மருத்துவ நெறியும் நோயாளியோடு பேசும் முறையும் இந்தியா முழுதும் கட்டாயப் பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்கிறாள். தூங்காதே, கண்ணு, என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். தேர்வில் அதற்கு எத்தனை மதிப்பெண் என்று பார்க்கிற பாடமல்ல அது.

அமெரிக்காவிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களை 1972 சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. சில மாநிலங்களில் அவர்கள் மூச்சுத் திணறி, பொட்டாசியம் ஏறி, உயிர் போகிற நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தால்தான் டயாலிசிஸ் கிடைக்கிறது. அது முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சில நாளில் மறுபடி அதே நிலையில் வர வேண்டும். படுக்கையும் இயந்திரமும் இருக்கும்போதே இப்படி நடக்கிறது. சாகும் தறுவாய்க்கு வந்தால்தான் சிகிச்சை என்று முடிவு செய்தது யார் என்று இங்கேயும் கேட்க வேண்டும். பல ஊர்களில் மருத்துவர்களும் நெறியியலாளர்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில மாநிலங்கள் விதியை மாற்றியும் இருக்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவோ அம்மாவோ பெரிய மருத்துவமனையில் இருந்து, வென்டிலேட்டர், டயாலிசிஸ் விஷயத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் கருத்து ஒத்துப்போகவில்லை என்றால், நெறிமுறை ஆலோசனை வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். மருத்துவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. பொதுவாக இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. அப்பாவுக்குத் தமிழ்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்க உட்காராதீர்கள், அந்த நேரம் அவர் பக்கத்தில் பிள்ளையாக இருங்கள்.