தனியாளாக ஒரு பின்பால் மெஷினை பேஸ்மென்ட்டில் இறக்குவது

2024 செப்டம்பர் 28, சனி

இல்லினாயில், ராக்ஃபோர்ட் பக்கம் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். அவரிடம் ஃபன்ஹவுஸ் என்கிற பின்பால் மெஷின் இருக்கிறது, சாய்ந்த பலகையில் எஃகு உருண்டையை அடித்து ஆடும் காசு மெஷின். வில்லியம்ஸ் கம்பெனி 1990-இல் இதே சிகாகோவில் செய்தது, பாட் லாலர் வடிவமைத்தது, ஆட்டப் பலகையின் மேல் ரூடி என்கிற பேசும் பொம்மைத் தலை உட்கார்ந்திருக்குமே, அதுதான். பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இன்று போய்ப் பார்த்து, ஆடி, பேசி முடித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

எடுப்பது எப்படி என்பதுதான் இனி யோசனை. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, அவரைக் கை வைக்கவே விடக் கூடாது. என் மனைவிக்கு முதுகு வலி, அவளும் கூடாது. நண்பர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்தான், ஆனால் மெஷினைத் தூக்கிப் பழக்கமில்லாத நான்கு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கத்துவதை நினைத்தால் எனக்குத் தனியாகச் செய்வதே பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் மெஷின்கள் 250 பவுண்டிலிருந்து 300 பவுண்டு வரை இருக்கும், நம் கணக்கில் 113 கிலோவிலிருந்து 136 கிலோ. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நயாஷ் என்ற அரசு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல கைப்பிடியோடு இருந்தால்கூட, ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பின்பால் மெஷினில் பாதியைத் தூக்கினாலே 55 கிலோவுக்கு மேல் போய்விடும், கைப்பிடியும் கிடையாது. அதனால் "ஒரு முனையை மட்டும்தானே தூக்குகிறேன்" என்பதெல்லாம் சமாதானமே இல்லை. எந்தக் கட்டத்திலும் எடை என் கையில் இருக்கக் கூடாது, வேறு ஏதோ ஒன்றின் மேல் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் மொத்தத்தையும் திட்டமிடப் போகிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிள் வாங்கிவிட்டேன். 500 பவுண்டு தாங்கும் வகை. கத்திரிக்கால் மாதிரி விரியும் அடிப்பாகம், நான்கு சக்கரம், காலால் மிதிக்க மிதிக்க மேஜை உயரும், கைப்பிடியில் உள்ள லீவரை மெதுவாக அழுத்தினால் இறங்கும். இங்கே பின்பால் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கராஜில் இதைப் பார்க்கலாம், காரணம் இருக்கிறது. மெஷினுடைய முன்கால்களுக்கு நடுவே இது நுழைந்துவிடும். நுழைத்து மிதித்தால் நான்கு காலும் தரையை விட்டு எழும்பிவிடும். பிறகு போல்ட்டைக் கழற்றுவது சாதாரண வேலை.

மேஜைத் தட்டு சிறியது. மெஷின் பெட்டி நாலே கால் அடிக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றை வெட்டித் தட்டின் மேல் போல்ட் போட்டுப் பொருத்தி, அதன் மேல் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறேன். ரப்பர் இல்லாவிட்டால் பழைய மெஷினின் அடிமரம் வழுக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

வண்டி விஷயம். மினிவேனில் தலையை (மெஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியை) மடித்த பின்பால் தாராளமாகப் போகும், மேஜையை வேன் தரை மட்டத்துக்கு உயர்த்தி, போர்வை விரித்துத் தள்ளிவிடலாம், கை வலிக்காத வேலை. ஆனால் மெஷினை ஏற்றிய பிறகு அந்த மேஜையை எதில் கொண்டுவருவது? சாய்தளம் உள்ள டிரெய்லரில் இரண்டையும் வைக்கலாம், ஆனால் நூற்றுச் சொச்சம் கிலோவைச் சாய்தளத்தில் ஒற்றை ஆளாக மேலே இழுப்பது என் விதிக்கு ஒத்துவராது, பாதி வழியில் கால் வழுக்கினால் அது என் மேல்தான் வரும். கடைசியில் பின்னால் லிஃப்ட்கேட் (பட்டனை அழுத்தினால் சுமையோடு ஏறி இறங்கும் தட்டு) உள்ள டிரக்கையே ஒரு நாள் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். காசு அதிகம்தான். முதுகுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 5, சனி

மெஷின் இப்போது என் கராஜில் இருக்கிறது! கை கால் எல்லாம் நலம். மறப்பதற்கு முன்னால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். காசுக் கதவைத் திறந்து, உள்ளே உள்ள லீவரைத் தள்ளி, முன்பக்கக் கம்பியை எடுத்து, கண்ணாடியை உருவினேன். இது டெம்பர்டு கண்ணாடி, அதன் தட்டையான பரப்பில் அடித்தால்கூடத் தாங்கும், ஆனால் அதன் மூலை சிமென்ட் தரையிலோ டைல்ஸிலோ பட்டால் மொத்தமும் தூள். அதனால் எப்போதும் போர்வை மேல்தான் வைப்பேன். பிறகு உள்ளே இருந்த மூன்று உருண்டைகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொன்றும் 80 கிராம் எஃகு. எடுக்காமல் மெஷினை நிமிர்த்தினால் உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கையெல்லாம் உடைத்துவிடும். காசுப் பெட்டியையும் வெளியே எடுத்தேன். சாவிகளும் என் பையில். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பிறகு துளைபோட்டுத் திறந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தலை, பேக்பாக்ஸ். தொண்ணூறுகளின் வில்லியம்ஸ் மெஷின்களில் அதன் பின்னால் ஒரு பூட்டு இருக்கும், 5/16 அங்குல ஆலன் கீ போட்டுத் திருப்பினால் விடுபடும், தலை கீலில் முன்னோக்கி மடியும். விடுபட்ட கணத்திலிருந்து அது தானாக விழத் துடிக்கும் எடை. தனியாளாக இருப்பதால் பூட்டைத் திறப்பதற்கு முன்பே தலையைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு, அதன் மறுமுனையைக் கையில் சுற்றாமல் பின்காலில் ஒரு சுற்றுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டேன். கீழே பக்கக் கம்பிகளின் மேல் மடித்த போர்வை. ஒயர்கள் நடுவில் நசுங்காமல் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு தலையையும் உடம்பையும் சேர்த்து ராட்செட் பெல்ட்டால் இறுக்கிவிட்டேன்.

பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் இரண்டு பேர் வந்து தூக்கி வந்து வைத்தார்களாம், அதில் ஒருவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாராம்.

லிஃப்ட் டேபிளை அடியில் நுழைத்து, கால்கள் தரையை விட்டுக் காகிதம் நுழையும் அளவு எழும்பும் வரை மிதித்தேன். அதற்கு மேல் ஒரு மிதிகூடத் தேவையில்லை, உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். காலுக்கு இரண்டாக எட்டு போல்ட், 5/8 சாக்கெட். முதலில் பின்கால்கள், பிறகு முன்கால்கள், ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் மறு கையால் பெட்டியை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டேன், எடை எந்தப் பக்கம் சாய நினைக்கிறது என்று அது சொல்லிவிடும். தலை முன்னால் மடிந்திருக்கும்போது எடை நடுவுக்கு வந்துவிடுவதால் நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

இப்போது மெஷினை அதன் பின்முகத்தின் மேல் நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும், அப்போதுதான் டாலியில் (சாய்த்துத் தள்ளும் இரண்டு சக்கர வண்டியில்) ஏறும். மேஜைச் சக்கரங்களைப் பூட்டி, மேஜையைச் சுவரோடு சேர்த்து, பெட்டியின் நடுப்பகுதி மேஜை விளிம்பில் வரும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் சீசா பலகை மாதிரி ஆகிவிடுகிறது, பின்முனை தானே இறங்க, முன்முனையை நான் வழிநடத்தினால் போதும். தரையில் தடித்த போர்வை. எவ்வளவு இலகுவாக நின்றது என்று பார்த்து எனக்கே மனசு நிறைந்துவிட்டது. பின்பால் செய்யும் ஸ்டெர்ன் கம்பெனி இன்றைக்கும் புது மெஷின்களை இப்படி நிமிர்ந்து நிற்கும் பெட்டியில்தான் அனுப்புகிறது, அதனால் அந்த நிலை மெஷினுக்குக் கெடுதல் இல்லை.

அதன் பிறகு மேஜையை விலக்கி, அடிப்பக்கத்தில் டாலியைச் செருகி, இரண்டு இடத்தில் பெல்ட் போட்டு, லிஃப்ட்கேட் மேல் ஏற்றி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பட்டனை அழுத்தும்போது பக்கவாட்டில் நின்றுகொண்டேன். டிரக்கின் பக்கச் சட்டத்தோடு கட்டி, ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

மனைவி கேட்டாள், "கராஜிலேயே வெச்சு ஆடக் கூடாதாங்க?" நியாயமான கேள்வி. ஆனால் இல்லினாய் குளிர்காலத்தில் கராஜ் மரத்துக்கும் ஆகாது, எலக்ட்ரானிக்ஸுக்கும் ஆகாது. பேஸ்மென்ட்தான்.

படி. இதைப் பற்றி என் கருத்து கறாரானது: சாதாரண டாலியை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் படியில் பின்பால் இறக்கக் கூடாது. தெரிந்தவர்கள் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள், ஆகும் அன்று சொல்ல ஆள் இருக்காது. வழி என்றால் மோட்டார் வைத்த படியேறும் டாலி, எஸ்கலேரா என்ற பிராண்ட் மாதிரி. பேட்டரியில் ஓடும், ஒவ்வொரு படியிலும் சுமையைத் தானே ஏந்திக்கொண்டு அடுத்த படியில் உட்காரவைக்கும், ஆள் செய்ய வேண்டியது சாய்வைப் பிடித்துக்கொள்வது மட்டும். விலை தனி ஆள் வாங்கும் விலை இல்லை, வாடகைக்குக் கிடைக்கிறது. சனிக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று படியைக் கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மெஷின், டாலி, நான் மூவரும் ஒரே நேரத்தில் நிற்போம், 250 கிலோ வரும். இரண்டு பலகை கிறீச்சிட்டது, திருகு போட்டு இறுக்கினேன். கீழே திரும்பும் இடத்தையும் அளந்தாகிவிட்டது, நிற்கும் நிலையில் மெஷின் திரும்பும்.

அக்டோபர் 12, சனி

இறங்கிவிட்டது.

முதலில் லிஃப்ட் டேபிளைத்தான் படி டாலியில் கட்டி இறக்கினேன். கீழே அது எப்படியும் வேண்டும், அதோடு பழகுவதற்கு நல்ல சுமை, விழுந்தால் உடைவதற்கு ஒன்றுமில்லை. கை பழகிய பிறகுதான் மெஷின். நான் மேல் படியில், மெஷின் கீழ்ப் பக்கம், படியின் அடியில் யாரும் கிடையாது, மகனை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன், கதவுக்கு இந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது என்று. இரும்பு முனை வைத்த ஷூ, ரப்பர் பிடி உள்ள கையுறை. ஒரு படி, நிறுத்தம், மூச்சு, அடுத்த படி. அவசரமே படவில்லை. நடுவில் ஒரு பெல்ட் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது, அப்படியே நிறுத்தி, டாலியைப் படியில் உட்காரவைத்து, இறுக்கிவிட்டுத் தொடர்ந்தேன். மோட்டார் இல்லாத டாலியாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தவே முடியாது.

கீழே வந்ததும் ராக்ஃபோர்டில் செய்ததைத் திருப்பிச் செய்தேன். மேஜையைப் பெட்டியின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்படி உயர்த்தி, சுவரோடு முட்டி நிறுத்தி, மெஷினின் அடிப்பக்கத்தை அதன் விளிம்பில் சாய்த்தால் மெஷின் திரும்பித் தட்டின் மேல் படுத்துக்கொள்கிறது. அப்புறம் கால்கள். எட்டு போல்ட்டையும் முதலில் கையாலேயே முடிந்தவரை ஏற்றிவிட்டு, பிறகு சாக்கெட். லீவரை மிக மெதுவாக அழுத்தி நான்கு காலும் தரையைத் தொடும்வரை இறக்கினேன்.

தலையை நிமிர்த்தும்போது முன்னால் நின்று தள்ளியதும் உடனே பின்னால் போய் ஆலன் கீயால் பூட்ட வேண்டும். தனியாளுக்கு இந்தச் சில நொடிகள்தான் ஆபத்து, அதனால் இங்கேயும் பட்டை, இந்த முறை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும்படி. பூட்டிய பிறகும் பட்டையைக் கழற்றாமல் தலையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன். பூட்டாத தலையோடு யாரையும் ஆட விடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கராஜ் குளிரிலிருந்து வந்திருப்பதால் இன்று கரண்ட் கொடுக்கவில்லை. உள்ளே ஈரம் கோர்த்திருந்தால் காயட்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் கால்களின் அடித் திருகைச் சரிசெய்து ஆட்டப் பலகையை ஆறரை டிகிரி சாய்வுக்குக் கொண்டுவந்தேன். உருண்டைகளைப் போட்டு, கண்ணாடியைச் செருகி, சுவிட்சைத் தட்டினேன். ரூடி கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்துவிட்டது. அந்தக் குரல் வில்லியம்ஸில் புரோகிராமராக இருந்த எட் பூன் கொடுத்தது. ஆட்டத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடும், நள்ளிரவு ஆனதும் பொம்மை தூங்கிவிடும், வாய் திறந்திருக்கும், அதற்குள் உருண்டையை அடிக்க வேண்டும். மகன் மதியத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

அக்டோபர் 19, சனி

மற்ற மெஷின்களோடு வரிசையில் சேர்க்க இரண்டடி நகர்த்த வேண்டியிருந்தது. தரையில் இழுக்காதீர்கள், கம்பளத்தில் இழுத்தால் அடித் திருகு வளையும், கால் பொருந்தும் மூலையில் மரம் வெடிக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைக்கிற சின்னச் சக்கரத் தட்டுகள் விற்கிறார்கள், லிஃப்ட் டேபிளால் ஒரு முனையைத் தூக்கி அவற்றைச் செருகிவிட்டால் ஒரு விரலால் தள்ளலாம். அப்படித்தான் செய்தேன்.

படி டாலியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே லிஃப்ட் டேபிளை மேலே ஏற்றிவிட்டேன், கராஜில் இருக்கிறது. நேப்பர்வில், அரோரா பக்கம் இருக்கும் யாருக்காவது மெஷின் நகர்த்த வேண்டியிருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பிளைவுட்டும் ரப்பர் விரிப்பும் அதிலேயே இருக்கட்டும், கழற்ற வேண்டாம். உங்களுடையது எழுபதுகளின் பழைய மெஷினாக இருந்தால் தலை மடியாது, உள்ளே போல்ட்டைக் கழற்றி, ஒயர் பிளக்குகளைப் பிரித்து, தலையைத் தனியாகத் தூக்கி எடுக்க வேண்டும். அந்தத் தலையும் ஒற்றை ஆள் கையில் ஏந்தும் எடை இல்லை, அதையும் மேஜை மேலேயே இறக்கிக்கொள்ளுங்கள், பிளக்குகளைப் பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.