கல் வெட்டிய குகையில் ஒயின்: லுவார் நதியோரம் ஏழு நாள் சைக்கிளில்

பிரான்ஸில் லுவார் நதிப் பள்ளத்தாக்குக்கு பாரிஸிலிருந்து ஒரே நாளில் பஸ்ஸில் கூட்டிப்போய், மூன்று அரண்மனைகளைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். நாங்கள் எட்டுப் பேர், கூடவே ஒரு வழிகாட்டி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வர ஒரு வேன் என்று ப்ளுவாவில் கிளம்பி சோமூர் வரை செப்டம்பரில் ஒரு வாரம் மிதித்தோம். நதியை ஒட்டி சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் நடுவில் ஒரு துண்டுதான் நாங்கள் போனது. பெரிய மேடு கிடையாது. ஆனால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான், அதாவது எதிர்க்காற்று, அது ஏற்றத்துக்குச் சமம். பேட்டரி சைக்கிள் கிடைத்தால் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஷாம்போர் அரண்மனை. அதன் தோட்டத்தின் சுற்றுச்சுவரே 32 கிலோமீட்டர், உள்ளே முழுக்கக் காடு. மரங்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டே இருக்கிறோம், எதுவும் தெரியவில்லை, திடீரென்று பாதை திறந்ததும் கூரை முழுக்கக் கோபுரமும் புகைபோக்கியுமாக மொத்த அரண்மனையும் எதிரே நிற்கிறது. 1519இல் மன்னர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கியது, 400க்கும் மேல் அறைகள், அவர் தங்கியதோ மொத்தமே இரண்டு மாதம் சொச்சம்தானாம். நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருவர் ஏறலாம், இன்னொருவர் இறங்கலாம், நடுத்தண்டின் சாளரங்கள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் படியில் சந்திக்கவே முடியாது. நானும் மனைவியும் நாலு முறை ஏறி இறங்கினோம்.

இவ்வளவு வெள்ளைக் கல் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே வழிகாட்டியிடம் கேட்டேன். "வூவ்ரே போனதும் காட்டுகிறேன்" என்றார், அவ்வளவுதான்.

அம்புவாஸில் லியனார்டோ டா வின்சி கடைசி மூன்று வருடம் வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். அப்புறம் ஷெனோன்சோ அரண்மனை. ஷேர் நதிக்குக் குறுக்கே பாலம், அந்தப் பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம். முதல் உலகப் போரில் அந்தக் கூடத்தில்தான் கட்டில் போட்டு அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். இரண்டாம் போரில் அந்த நதியே எல்லைக்கோடு: முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், கூடத்தின் மறுகோடிக் கதவு அவர்கள் பிடிக்காத பகுதியில். அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பிப் போயிருக்கிறார்கள். கதவருகே நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அரண்மனை என்றால் ராணிகளின் கதை மட்டும் இல்லை.

சரி, வூவ்ரே. நதியோரம் செங்குத்தான வெள்ளைப் பாறை, பாறைக்குள்ளேயே வீடுகள், மேலே திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் அந்த வீடுகளின் புகைபோக்கிகள் எட்டிப் பார்க்கின்றன. ஒயின் செய்யும் ஒரு சின்னக் குடும்பத்தின் குகைக்குள் வழிகாட்டி கூட்டிப்போனார். வெளியே வெயில் சுட்டது, உள்ளே நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது, கோடையானாலும் குளிரானாலும் 12 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்குமாம். சுவரைத் தடவினேன், உள்ளங்கை முழுக்க மாவு மாதிரி வெள்ளைப் பொடி. துஃபோ என்கிற சுண்ணாம்புக் கல், சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். சுவரில் வரிவரியாகத் தெரிந்த கோடுகள் கல் வெட்டியவர்களின் உளித்தடம். இந்தப் பக்கத்து அரண்மனைகளும் தேவாலயங்களும் இந்த மாதிரிக் குகைகளிலிருந்து வெளியே போன கல்தான். கல் போன பள்ளத்தில் ஒயின் வந்து படுத்துக்கொண்டது. மேலே கொடியின் வேரும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. ஷாம்போரில் நான் கேட்ட கேள்விக்கு மூன்று நாள் கழித்து என் கையிலேயே பதில் ஒட்டியிருந்தது.

அங்கே வெள்ளை ஒயின்தான், ஷெனான் என்ற திராட்சை. அந்த ஒன்றிலிருந்தே துளி இனிப்பில்லாததும் தேன் மாதிரி இனிப்பதும் நுரைப்பதும் வருகின்றன. கூடவே ஒரு ஆட்டுப்பால் சீஸ், கட்டை மாதிரி நீளமாக, சாம்பல் பூசி, நடுவில் உடையாமல் இருக்க ஒரு வைக்கோல் தண்டு செருகி. தண்டை உருவிவிட்டு வெட்ட வேண்டும். ஒன்று கவனம்: குடித்துவிட்டு ஓட்டும் சட்டம் பிரான்ஸில் சைக்கிளுக்கும் உண்டு. சுவைத்துவிட்டு வாளியில் துப்புவதை யாரும் அங்கே தவறாக நினைப்பதில்லை, வழிகாட்டியே முதலில் துப்பினார்.

வில்லாந்த்ரி அரண்மனைத் தோட்டத்தில் காய்கறிப் பாத்திகளையே கோலம் மாதிரி போட்டிருக்கிறார்கள். ஷினோன் பக்கம் வந்ததும் சிவப்பு ஒயின்.

கடைசி மாலை சோமூர். பாலத்திலிருந்து பார்த்தால் குன்றின் மேல் வெள்ளையாக அரண்மனை. 15ஆம் நூற்றாண்டு நாட்காட்டி ஓவியம் ஒன்றில் செப்டம்பர் மாதத்துக்கு இதே அரண்மனையைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி போனில் காட்டினார். மேலே கோபுரங்கள், கீழே குனிந்து திராட்சை பறிக்கும் ஆட்கள், கூடை, கழுதை. அன்று காலை நாங்கள் கடந்து வந்த தோட்டத்திலும் குனிந்துதான் பறித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு அம்மா கத்தரிக்கோலோடு நிமிர்ந்து எங்களுக்குக் கையசைத்தார்.